பாரீசுக்குப் போக வேண்டிய பேச்சு

"அந்தோ! என் ஆருயிர்க் கன்றினைக் காணாது யான் அடைந்த துயரத்தை என்னவென்று உரைப்பேன்!" என்றாள் பவுனம்மாள்.

சுப்பராயலுவின் பென்சில் காகிதத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

முந்தாநாள்தான் இதே பவுனம்மாள், இதே கன்றுக்குட்டி காணாமல் போனதைப் பற்றி, இதே வேலியோரம் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினாள். அதை அவன் தன் காதால் கேட்டான். அதில் ஓர் 'அந்தோ' கிடையாது, 'ஆருயிர்' கிடையாது. கன்றுக்குட்டி, அதன் தாய்ப்பசு, அதை விற்ற தவளக்குப்பத்துத் தரகன், அந்தத் தரகனுக்குப் பெண் கொடுத்த மாமனார் என்று ஒருவரையும் விடாமல் அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதில், வேலியில் உட்கார்ந்திருந்த காக்காய்கூட எழுந்து போய்விட்டது.

"யக்கா, அன்னிக்கு சொன்னியே, அப்பிடியே சொல்லேன். கன்னுக்குட்டி எப்பிடி பூட்ச்சி?"

"அவ்வண்ணமே சொல்லுகிறேன் தம்பி, எழுதிக்கொள்வாயாக." பவுனம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வலது கையை நெஞ்சில் வைத்தாள். "வைகறைப் பொழுதினிலே..."

"போதும்க்கா."

"ஏன் தம்பி, என் உரையில் ஏதும் பிழை உண்டோ?"

பிழை இல்லை. அதுதான் தொல்லை. சுப்பராயலு துண்டின் முனையை வாயில் வைத்துக் கடித்தான். கவலை வந்தால் துண்டைக் கடிப்பது அவன் வழக்கம். அவனிடம் முழுசாக ஒரு துண்டுகூட இல்லை.

அவன் புதுச்சேரிக்குப் போய்ச் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவன். வக்கீலாகப் போகாமல் பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தான். வழக்கில் அவனுக்கு மனசு இல்லை; வழக்காட வருகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் மனசு. நல்லவாட்டு மீன்காரி ஒரு மாதிரியும் அரியூர்க் கரும்புக்காரன் ஒரு மாதிரியும் ஏன் பேசுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்து இரண்டு முறை ஏரியில் விழுந்திருக்கிறான். இந்த மாதிரிப் பைத்தியங்களுக்கு என்றே பாரீசில் ஒரு மேற்படிப்பு இருக்கிறது, மொழிகளை ஆராய்வதுதான் பாடம், தேர்வானால் கப்பல் செலவு முதல் சாப்பாடு வரை சர்க்காரே கொடுக்கும் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. முப்பது வயசுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அவன் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான்.

பிறந்த பதிவு வாங்கியாயிற்று. நன்னடத்தைச் சான்று வாங்கியாயிற்று. இரண்டு பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதம் வந்தாயிற்று. ஏன் படிக்க விரும்புகிறேன் என்று பிரெஞ்சில் நாலு பக்கம் எழுதி, அடித்து, திரும்ப எழுதியாயிற்று. அதற்கப்புறம்தான் பாரீசிலிருந்து அந்தக் கடைசிக் காகிதம் வந்தது.

விண்ணப்பக்காரர் தான் பிறந்த ஊரின் பேச்சுக்கு ஒரு மாதிரி அனுப்ப வேண்டும். பேசுகிறவர் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவராக, எழுதப் படிக்கத் தெரியாதவராக, விண்ணப்பக்காரருக்கு உறவில்லாதவராக இருக்க வேண்டும். தினசரி எப்படிப் பேசுவாரோ அப்படியே நூறு வாக்கியம். எழுதியதைப் பாகூரில் இருக்கிற கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பஞ்சாயத்து ஆபீசில் அவருக்குப் படித்துக் காட்டி, 'இது என் பேச்சுதான்' என்று அவர் சொல்லிக் கைநாட்டு வைத்த பிறகு முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள்.

இதைப் படித்ததும் சுப்பராயலு சிரித்தான். ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கா பஞ்சம்? பேச்சுக்கா பஞ்சம்? ஒரே மத்தியானத்தில் முடிகிற வேலை என்று மனைவி தனக்கொடியிடம் சொன்னான்.

"எம்மாம் வருசம் படிப்பு அது?" என்று அவள் கேட்டாள்.

"மூணு."

"மூணா?" என்றாள். அப்புறம் உலையில் அரிசியைப் போடப் போய்விட்டாள். அதோடு சரி. மறுநாளே பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து, அவனுடைய சட்டைகளை மடித்து அடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள் என்று சுப்பராயலு நினைத்துக்கொண்டான்.

இப்போது வெறும் காகிதத்தோடு வீட்டுக்குள் வந்தவனைப் பார்த்து அவள் கேட்டாள், "இன்னாங்க, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?"

"பவுனக்கா கூத்துல ராணி வேசம் கட்டினவ மாதிரி பேசுது தனம்."

"பாவம், பயந்திருக்கும். காயிதம் பாரீசுக்குப் போவுதுன்னா சும்மாவா? வேற யாரையாச்சும் கேளுங்க. நம்ம ரோசம்மா இருக்குதே, வெள்ளந்தி. மனசுல இருக்கறது அப்பிடியே வாயில வரும்."

நல்ல யோசனை. ரோசம்மாள் வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். சுப்பராயலு இந்த முறை புத்திசாலித்தனமாகக் கன்றுக்குட்டி மாதிரி பெரிய விஷயம் எதையும் எடுக்கவில்லை.

"ரோசம்மா, நேத்து இன்னா கொழம்பு?"

ரோசம்மாள் புளியைத் தள்ளி வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

"நேற்றைய தினத்திலே சர்வேசுரனுடைய கிருபையினாலே கத்தரிக்காய்க் குழம்பு உண்டாயிற்று. அதிலே உப்பு மிகுந்திருந்தபடியினாலே என் புருஷனானவர் மெத்தவும் கோபங்கொண்டு எழுந்து போனார். ஆமென்."

"நீ எப்பவும் இப்பிடித்தான் பேசுவியா?"

"எப்பொழுதும் இப்படியே. ஆமென்."

அடுத்தது வண்டிக்கார நடேசன். ரெட்டைமாட்டு வண்டி வைத்திருப்பவன். அவன் மாட்டை அதட்டுகிற அதட்டில் எதிர்வண்டி மாடும் சேர்ந்து ஓடும். ஆனால் அவன் ஒரு முறை கடலூர்க் கோர்ட்டில் வரப்புத் தகராறு ஒன்றுக்குச் சாட்சி சொல்லப் போய் வந்தவன். அதைச் சுப்பராயலு மறந்துவிட்டான்.

"நடேசா, மாட்டுக்கு இன்னா போட்ட இன்னிக்கி?"

நடேசன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "கனம் ஐயா அவர்கள் சமூகத்தில் நான் சத்தியமாகச் சொல்வது யாதெனில், மேற்படி மாடுகள் இரண்டிற்கும் மேற்படி தேதியில் என்னால் வைக்கோல் போடப்பட்டது. இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது."

சுப்பராயலு வீட்டுக்கு வந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான்.

"எதுக்கால குந்திக்கினு பென்சில நீட்டினா யாருக்குத்தான் பேச்சு வரும்?" என்றாள் தனக்கொடி. "அவங்களுக்குத் தெரியாம மறைஞ்சி நின்னு கேளுங்க. நாளைக்கி ஏரிக்கீழ நடவு. பவுனக்காதான் ஆளு கூட்டிக்கினு போவுது. பக்கத்துலயே சிங்காரவேலு மாமா கரும்பு ஆளு உசரத்துக்கு நிக்குதே."

அவனுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நூறு வாக்கியம் என்ன, நடவு வயலில் நாலு பெண்கள் சேர்ந்தால் ஆயிரம் வாக்கியம் கிடைக்கும். விடிவதற்குள் அவள் நீராகாரம் கரைத்துச் சொம்பில் கொடுத்து அனுப்பினாள்.

கரும்புக்குள் நிற்பது படித்தவன் செய்கிற வேலை இல்லை. கரும்புச் சோகை கன்னத்தை அறுத்தது. கழுத்துக்குள் என்னவோ ஊர்ந்தது. சுப்பராயலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்கள் வந்தார்கள். வரிசையாக இறங்கினார்கள். சாதாரணமாக வரப்பில் ஏறும்போதே ஆரம்பிக்கிற சத்தம் அன்றைக்கு இல்லை. எல்லோரும் குனிந்து நட்டுக்கொண்டே போனார்கள். சாவு வீட்டில்கூட இவ்வளவு அமைதி இருக்காது.

கடைசியில் பவுனம்மாள் நிமிர்ந்தாள். சுப்பராயலு பென்சிலை நக்கிக்கொண்டான்.

"தோழியர்களே, நாற்று முடியினைக் கொணருங்கள்!"

"இதோ கொணர்ந்தேன் அம்மையே!" என்றாள் ஒருத்தி.

நாற்று முடியோடு வந்தவள் சேற்றில் வழுக்கித் தொப்பென்று குப்புற விழுந்தாள். இந்த ஊரில் சேற்றில் விழுகிற பெண் எழுந்திருப்பதற்குள் வயலுக்குச் சொந்தக்காரன் முதல் சேற்றைப் படைத்த சாமி வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பாள். சுப்பராயலு காதைத் தீட்டினான். விழுந்தவள் முகத்தை நிமிர்த்தினாள். மூக்கெல்லாம் சேறு.

"ஐயகோ," என்றாள். "வழுக்கிற்று."

வயலில் இரண்டு மூன்று பேர் திடீரென்று இருமினார்கள். பனியாக இருக்கும் என்று சுப்பராயலு நினைத்தான்.

அந்த நேரத்தில் அவன் முதுகில் ஒரு தடி விழுந்தது. திரும்பினால், கரும்புக்குச் சொந்தக்காரர் சிங்காரவேலு.

"யாரங்கே? கரும்பினுள் ஒளிந்திருக்கும் கள்வனே, வெளியே வருக!"

வார்த்தைதான் ஏட்டில் உள்ளபடி வந்தது. அடி ஊர் வழக்கப்படியே விழுந்தது. இன்னும் இரண்டு விழுந்த பிறகுதான், "அடடே, நமது சுப்பராயலுவா!" என்றார்.

நடவுப் பெண்கள் எல்லோரும் வரப்பில் ஏறிப் பார்த்தார்கள். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் பள்ளிக்கூட வாத்தியார் கரும்புக்குள் மறைந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வது? சுப்பராயலுவுக்குக் காது சுட்டது. அத்தனை பேர் முன்னாலும் காகிதத்தைப் பிரித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னான்.

"நீங்க எப்பவும் பேசறாப்பலயே பேசுங்க. அது போதும். கையெடுத்துக் கும்புடறன்."

"யாம் எக்காலத்தும் இவ்வாறே பேசுகின்றோம்," என்றாள் பவுனம்மாள்.

முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே தனக்கொடி சொன்னாள், "எனக்கு இன்னா தோணுதுன்னா, ஊரு மானத்தப் பாக்கறாங்க. பாரீசுல இருக்கறவன் நம்மளப் பட்டிக்காடுன்னு சொல்லிடுவானோன்னு. ஒவ்வொருத்தராப் போயி எங்க சொல்லிக்கினு இருப்பீங்க? தமுக்கு அடிக்கச் சொல்லிடுங்களேன். ஊரு மொத்தத்துக்கும் ஒரே தடவையில சேந்துடும்."

அன்று சாயங்காலம் தமுக்கு அடிக்கப்பட்டது. "ஊரில் உள்ள ஆண், பெண், குஞ்சு, குளுவான் எல்லோரும், சுப்பராயலு வாத்தியார் முன்னால் எப்போதும் போல் பேச வேண்டியது" என்று தெருத்தெருவாகச் சொல்லப்பட்டது.

அதுவரை அவனிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த, எழுதப் படிக்கத் தெரிந்த நாலைந்து பேரும் அதற்கப்புறம் மாறிவிட்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், எதிரே வந்த கிழவர் குடையை மடக்கி, "நலமே விளைக" என்றார். தயிர்க்காரி, "தயிர் வேண்டுவோர் உளரோ?" என்று கூவிக்கொண்டு போனாள். யாருக்கும் அது தயிர் என்று புரியாததால் அவள் பானை நிறைந்தபடியே திரும்பியது. குழாயடியில்... குழாய் ஏது அந்த ஊரில், குளத்தங்கரையில்தான், குடம் உடைந்த ஒரு சண்டையில் இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "விடுவாயாக!", "விடேன்!" என்று நின்றதை அவன் கண்ணால் பார்த்தான்.

ஊரில் ஓர் இடம்தான் பாக்கி. கள்ளு வயிற்றில் இறங்கினால் மனுஷன் நடிக்க மாட்டான். சுப்பராயலு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனான். கடைக்கு வெளியே முத்துசாமி மல்லாந்து கிடந்தான். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சுப்பராயலு பக்கத்தில் குந்தினான்.

"முத்துசாமி! இன்னா ஆச்சு?"

முத்துசாமி ஒரு கண்ணைத் திறந்தான். யாரென்று பார்த்தான். நாக்கு குழறியது, ஆனாலும் விடாமல் முயன்றான்.

"நண்பா... அடியேன்... சற்றே... மது அருந்தியுள்ளேன்."

சொல்லிவிட்டு அந்த உழைப்பிலேயே தூங்கிப்போனான்.

மறுநாள் பகலுக்குள் முத்திரை விழ வேண்டும். பகல் தபாலோடு புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பிரெஞ்சுக் கப்பலில் ஏறும். அந்தக் கப்பலை விட்டால் இந்த வருஷத்துக்கு விண்ணப்பம் இல்லை. இன்னும் ஒரு வாக்கியம்கூடக் கையில் இல்லை. ஒரே ஓர் 'இன்னா' கிடைத்தால்கூடப் போதும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டான். வீட்டில் தனக்கொடி வாயைத் திறந்தால் 'இன்னா'வாகக் கொட்டுகிறது. ஆனால் அவள் உறவு. போதாததற்கு மூணாங்கிளாஸ் படித்தவள். அவள் பேச்சு செல்லாது.

"நீங்களே எழுதிப்புட்டா இன்னா?" என்றாள் அவள்.

"நானா? அது மோசடி."

"இன்னா மோசடி? பவுனக்கா அன்னிக்கு வேலியாண்ட பேசினது ஒங்க காதுல இருக்குதா இல்லியா? அதத்தான எழுதப் போறீங்க? நீங்க எழுதுங்க. பவுனக்காவ வண்டியில ஏத்தி அனுப்பறது என் பொறுப்பு. நான் சொன்னா கேக்கும்."

உண்மைதான். பவுனம்மாள் பேசியது அத்தனையும் அவன் காதில் அப்படியே இருந்தது. உட்கார்ந்தான். எழுத ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது. கன்றுக்குட்டியில் தொடங்கி தரகனின் மாமனார் வரை, ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, நூறு வாக்கியம். படித்துப் பார்த்தபோது அவனுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு அழகான பேச்சைப் பாரீஸ் கேட்டிருக்காது.

காலையில் பவுனம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சுப்பராயலு காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டான். நடேசன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

"காளைகளே! சற்றே விரைந்து நடப்பீர்களாக!"

மாடுகள் இரண்டும் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தன.

"நடேசா, மாட்டுகிட்டயாவது ஒழுங்காப் பேசுடா!"

"கனம் ஐயா அவர்களுக்குத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது, நான் என்றும் இப்படித்தான்..."

சுப்பராயலு கீழே குதித்து, "ஹேய்! த்தா! ஹை ஹை!" என்று தானே அதட்டினான். பள்ளிக்கூடத்துக் குரல் மாட்டுக்குப் பழக்கம் இல்லை. அவை சாணி போட்டன. கடைசியில் அவன் முன்னால் நின்று நுகத்தடியைப் பிடித்து இழுக்க, நடேசன் பின்னால் நின்று வண்டியைத் தள்ள, பவுனம்மாள் மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்க, வண்டி ஊரைத் தாண்டியது.

ஊரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் மண்; போகிற வழியில் ஒரு கூப்பிடு தூரம் மட்டும் இங்கிலீஷ்காரன் மண். அதற்கு ஒரு சுங்கச்சாவடி. தினம் போய் வருகிற நடேசனைப் பார்த்தால் சிப்பாய் கையை ஆட்டி அனுப்பிவிடுவான். அன்றைக்கும் கையை ஆட்டத்தான் வந்தான்.

"இன்னா நடேசா, வண்டியில இன்னா?"

சுப்பராயலுவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆகா, 'இன்னா'! ஆனால் சிப்பாய் வேற்று ஊர்க்காரன். அவன் சொன்ன 'இன்னா' கணக்கில் வராது.

நடேசன் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்தான். "கனம் துரையவர்கள் சமூகத்தில், மேற்படி வண்டியில் சட்டவிரோதமான பொருள் யாதொன்றும் இல்லை என்று சத்தியமாக அறிவிக்கிறேன்."

சிப்பாயின் முகம் மாறியது. பத்து வருஷமாக இவன் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இதில் என்னவோ இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். வைக்கோலைக் கொட்டி உதறினான். சாராயம் தேடி அச்சாணியைக்கூடக் கழற்றிப் பார்த்தான். பவுனம்மாளை, "நீ சொல்லும்மா, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

"காவலரே, எம்மை ஐயுறுதல் தகுமோ?" என்றாள் பவுனம்மாள்.

சிப்பாய் இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டான்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு ஆபீஸ் பகலில் மூடினால் பொழுது சாயத்தான் திறக்கும். அதற்குள் தபால் போயே போய்விடும். சுப்பராயலு கடிக்கத் துண்டைத் தேடினான். கையில் இருந்தது கடைசி நூல்.

ஆபீஸ் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் விழுந்தார்கள். குமாஸ்தா சாப்பிடப் போக எழுந்து தொப்பியைக்கூட மாட்டியிருந்தார். சுப்பராயலுவின் கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு உட்கார்ந்தார். காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டப்படி உரக்கப் படித்தார்.

"'அடியே, கட்டையில போற கன்னுக்குட்டி, எங்கடி பூட்ட? ஒன்ன எந்தலையில கட்டினானே தரகன், அவன் வாயில மண்ணு வுழ, அவனுக்குப் பொண்ணு குடுத்தானே, அவன் குடுமி அவுந்து நடுத்தெருவுல நிக்க...'"

புளிக்குழம்புக்குச் சாமான் எழுதின சீட்டைப் படிக்கிற குரலில் குமாஸ்தா நூறு வாக்கியத்தையும் படித்து முடித்தார். பவுனம்மாளின் உதடு துடித்தது. அவள் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"கேட்டியாம்மா? இது உன் பேச்சுதானா?"

பவுனம்மாள் சுப்பராயலுவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னவோ ஈரம் இருந்தது. அப்புறம் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இத்தகைய கொடுஞ்சொற்களை எம் செவிகள் இன்றுதான் முதன்முதலாகக் கேட்கின்றன."

"யக்கா!"

"என் நாவினின்று இவை எங்ஙனம் வரும்?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "வாத்தியாரே, இந்தம்மா பேசுறதைக் கேட்டா கவர்னர் வீட்டுக்கே தமிழ் சொல்லிக் குடுக்கலாம் போல இருக்கு. இவங்க வாயில இதெல்லாம் வந்துதுன்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கே அடுக்குமா? படிச்சவர் செய்யற வேலையா இது?"

"சார், இவங்க வேணும்னே... யக்கா, என்னத் திட்டுக்கா. ஒரே ஒரு வார்த்த. ஒங்கால்ல வேணும்னாலும் வுழறன். 'அடப்பாவி'ன்னு ஒரு தடவ சொல்லு. போதும்."

பவுனம்மாளின் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. "தம்பியை ஏச என் நா எழவில்லையே!" என்றாள்.

குமாஸ்தா மேஜையைப் பூட்டினார். "உங்க பேர்ல ரிப்போர்ட் எழுதாம விடறேனே, அதுவே பெரிசு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். முத்திரை அவரோடு பையில் போனது. எதிர்ச்சாரியிலிருந்து தபால் வண்டியும் கிளம்பியது.

திரும்பும்போது சுப்பராயலு வண்டியில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் அது நடந்திருக்காது. காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பு வழியாகத் தனியாக நடந்தான். நாலு பக்கம் பிரெஞ்சும், சிபாரிசுக் கடிதமும், பிறந்த பதிவும் வேர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஏரிக்கரை வந்தபோது, இதைக் கட்டோடு தண்ணீரில் போட்டுவிடலாமா என்று நின்றான். போட மனசு வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வாசனை அடித்தது. தனக்கொடி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலுக்கு ஊற்றினாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தகரப் பெட்டி ஏற்கெனவே பரணில் ஏறியிருந்தது. அவனுடைய சட்டைகள் எல்லாம் பழையபடி கொடியில் தொங்கின.

"குந்துங்க. மொதல்ல சாப்புடுங்க," என்றாள். சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள். "போவுது வுடுங்க. முப்பதுக்கு இன்னும் நாளு இருக்குதில்ல? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"ஊரே சேந்து என் வாயில மண்ணப் போட்டுடுச்சி தனம். நீ ஒருத்திதான்..." என்று ஆரம்பித்தான்.

"ம், சாப்புடுங்க," என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றியதால் கொஞ்சம் தரையில் சிந்தியது.

சாப்பிட்டுவிட்டு அவன் உள்ளே பாயில் சாய்ந்தான். கொல்லையில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தனக்கொடி மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அவசரமாக ஓடினாள். கதவைச் சாத்தத்தான் போனாள். அதற்குள் நடேசனின் குரல் உள்ளே வந்துவிட்டது.

"இன்னா தாயி, தபாலு பூட்ச்சி, இனிமேட்டாவது எங்க வாயால நாங்க பேசிக்கலாமா? பவுனம்மா வழியெல்லாம் முந்தானைய வாயில அடைச்சிக்கினு வந்திச்சி, மாடு ரெண்டும் என்ன மனுசனாவே மதிக்க மாட்டேங்குது; அடுத்த வருசமும் நீ இப்பிடித்தான் பேசச் சொல்லுவேன்னா இப்பவே சொல்லிடு தாயி, மாட்டையும் சேத்துப் பழக்கி வெச்சிடறன்!"